இணைகோடு, குறுக்குவெட்டி: ஒரு கோணம் தெரிஞ்சா மீதி ஏழையும் கண்டுபிடிக்கிறது எப்படி

ஏழாம் வகுப்பு வடிவியல்ல இந்தப் பாடம் வந்ததும் பசங்க முதல்ல பண்றது பேரெல்லாம் மனப்பாடம் பண்றதுதான். ஒத்த கோணங்கள், ஒன்றுவிட்ட உட்கோணங்கள், ஒன்றுவிட்ட வெளிக்கோணங்கள், குத்தெதிர்க் கோணங்கள்னு வரிசையா ஒப்பிப்பாங்க, ஆனா படத்தைக் கொஞ்சம் சாய்ச்சுக் குடுத்தா எது எதுக்கு ஒத்தது, எது ஒன்றுவிட்டதுன்னு குழம்பிப் போயிடுவாங்க. பேரு வேணும், விடைத்தாள்ல காரணம் எழுதணும்ல, அதுக்கு கண்டிப்பா வேணும். ஆனா கணக்கைப் போடறதுக்கு முதல்ல தெரிய வேண்டியது ஒரே விஷயம்தான்: ரெண்டு இணைகோட்டை ஒரு கோடு குறுக்க வெட்டினா எட்டு கோணம் வரும், ஆனா அந்த எட்டுக்கும் சேத்து அளவு ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு சின்னது, ஒண்ணு பெருசு, ரெண்டையும் கூட்டினா 180° (நேர் செங்குத்தா வெட்டினா மட்டும் எட்டும் 90°). இது மனசுல பதிஞ்சிட்டா மீதியெல்லாம் தானா வரும்.

படிச்சுட்டு நம்பாதீங்க, வரைஞ்சு பாருங்க. கோடு போட்ட நோட்டு எடுத்து, ஏற்கனவே அச்சடிச்சு இருக்கிற கோட்டுல நாலஞ்சு வரி இடைவெளி விட்டு ரெண்டு கோட்டை மேல பேனாவால அழுத்தி வரைஞ்சுக்கோங்க. அதுதான் இணைகோடு. இப்ப ஸ்கேலை சாய்ச்சு வச்சு, கீழ இடதுல இருந்து மேல வலதுக்குப் போற மாதிரி ரெண்டையும் வெட்டி ஒரு நீளமான கோடு போடுங்க, அதுதான் குறுக்குவெட்டி. கோட்டை ரெண்டு பக்கமும் நல்லா வெளிய நீட்டி விடுங்க, வெட்டுற இடத்தோட நிறுத்திட்டா வெளிக்கோணம் எங்க இருக்குன்னே தெரியாம போயிடும்.

இப்ப நம்பர் போடுங்க. மேல வெட்டுற புள்ளியில மேல் இடது 1, மேல் வலது 2, கீழ் இடது 3, கீழ் வலது 4. கீழ வெட்டுற புள்ளியிலயும் அதே வரிசைல 5, 6, 7, 8. சில புத்தகத்துல கடிகாரம் சுத்துற மாதிரி நம்பர் போட்டிருப்பாங்க, அது தப்பில்ல, ஆனா இந்தப் பதிவு முழுக்க நான் சொல்ற வரிசைதான், அதனால உங்க நோட்டுல இப்படியே போட்டுக்கோங்க.

பாகைமானியை எடுத்து 2-ஐ அளங்க. நடுப்புள்ளி சரியா வெட்டுற புள்ளி மேல உக்காரணும், அடிக்கோடு நோட்டுக் கோட்டு மேல படியணும். பாகைமானியில உள்வரிசை ஒண்ணு வெளிவரிசை ஒண்ணுன்னு ரெண்டு வரிசை நம்பர் இருக்கும், எந்த வரிசையோட 0 உங்க கோட்டு மேல இருக்கோ அந்த வரிசையைத்தான் படிக்கணும். இங்கதான் நிறைய பேருக்கு 65-க்குப் பதிலா 115 வந்துடுது. கோணம் கண்ணுக்கு குறுங்கோணமா தெரியுதா விரிகோணமா தெரியுதான்னு முதல்லயே பாத்துட்டா இந்தத் தப்பு நடக்காது. 2-க்கு 65° வந்துச்சுன்னு வச்சுக்குவோம். மீதி ஏழையும் அளந்து பாருங்க: 2, 3, 6, 7 நாலும் 65°, 1, 4, 5, 8 நாலும் 115°. அரை பாகை ஒரு பாகை முன்னபின்ன இருந்தா பென்சில் மொக்கைன்னு அர்த்தம், கணக்கு தப்பில்ல.

ஏன் இப்படி வருது? ஒரு வெட்டுப்புள்ளியை மட்டும் பாருங்க. 1-ம் 2-ம் ஒரே நேர்கோட்டு மேல பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்கு, அதனால கூட்டினா 180°. 2-ம் 4-ம் குறுக்குவெட்டி மேல பக்கத்துல பக்கத்துல இருக்கு, அதுவும் 180°. அப்ப 1-ம் 4-ம் சமமா இருந்தே ஆகணும், ஏன்னா ரெண்டுமே 180-ல இருந்து அதே 2-ஐக் கழிச்ச மீதி. இதுதான் குத்தெதிர்க் கோணம். இதுக்கு இணைகோடே தேவையில்ல, எந்த ரெண்டு கோடு வெட்டிக்கிட்டாலும் இது உண்மை. இணைகோட்டோட வேலை அடுத்த படியிலதான் வருது: மேல் புள்ளியில இருக்கிற அதே நாலு கோணம் அப்படியே கீழ் புள்ளிக்கு இறங்கி வருது.

அதை கண்ணால பாக்கணும்னா ஜியாமெட்ரி பாக்ஸ்ல இருக்கிற மூலைமட்டத்தை எடுங்க, 30-60 இருக்கிறது. அதோட நீளமான சாய்வுப் பக்கம் ஒரு கோட்டு மேல படியற மாதிரி வச்சு, குட்டைப் பக்கத்தை ஒட்டி ஸ்கேலை வைங்க. இடது கையால ஸ்கேலை அசையாம அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, வலது கையால மூலைமட்டத்தை ஸ்கேலை ஒட்டியே மெதுவா நகத்துங்க. எங்க நிறுத்தி அந்த சாய்வுப் பக்கத்தை ஒட்டி கோடு போட்டாலும் அது பழைய கோட்டுக்கு இணையாத்தான் வரும். என்ன நடக்குதுன்னா, ஸ்கேல்தான் குறுக்குவெட்டி, மூலைமட்டத்தோட 60° மூலை இடம் மாறுது ஆனா அளவு மாறல, அந்த ரெண்டு 60-ம்தான் ஒத்த கோணங்கள். மர வேலை பாக்கிற ஆசாரி பலகை ஓரத்துல மட்டத்தை ஒட்டி வச்சு வரிசையா கோடு கிழிக்கிறதும் இதே வேலைதான், அங்க மூலை 90°, அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு கோட்டுக்கு வெளிய இருக்கிற புள்ளி வழியா இணைகோடு வரையச் சொன்னாலும் இப்படியே நகத்தி, அந்தப் புள்ளி வந்ததும் நிறுத்தி கோடு போட்டா முடிஞ்சது.

ஒன்றுவிட்ட கோணத்துக்கு வேற ஒரு சோதனை இருக்கு, பசங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். உங்க படத்து மேல டிரேசிங் பேப்பர் வச்சு அப்படியே நகல் எடுங்க. குறுக்குவெட்டில ரெண்டு வெட்டுப்புள்ளிக்கும் சரியா நடுவுல பென்சில் முனையால குத்திப் பிடிச்சுக்கிட்டு மேல் பேப்பரை அரைச்சுத்து சுத்துங்க. மேல் கோடு கீழ் கோட்டு மேல போய் உக்காரும், 3 போய் 6 மேலயும், 4 போய் 5 மேலயும், 1 போய் 8 மேலயும், 2 போய் 7 மேலயும் அச்சு அசலா பொருந்தும்.

இப்ப பேரு. 1-5, 2-6, 3-7, 4-8 ஒத்த கோணங்கள், ரெண்டு புள்ளியிலயும் ஒரே மூலையில இருக்கிறது. 3-6, 4-5 ஒன்றுவிட்ட உட்கோணங்கள், ரெண்டு கோட்டுக்கும் உள்ள, குறுக்குவெட்டிக்கு எதிரெதிர் பக்கம். 1-8, 2-7 ஒன்றுவிட்ட வெளிக்கோணங்கள். இதெல்லாம் சமம். 3-5, 4-6 குறுக்குவெட்டிக்கு ஒரே பக்கம் இருக்கிற உட்கோணங்கள், கூட்டினா 180°, அதாவது மிகைநிரப்பு கோணங்கள். 1-7, 2-8 ஒரே பக்க வெளிக்கோணங்கள், அதுவும் 180°.

எட்டு கோணத்துல எந்த ரெண்டை எடுத்தாலும் மொத்தம் 28 ஜோடி வரும். குத்தெதிர் நாலு, பக்கத்துல பக்கத்துல இருக்கிறது எட்டு, மேல சொன்ன பேரு வச்ச ஜோடி பன்னெண்டு, ஆக 24. மீதி நாலு, அதாவது 1-6, 2-5, 3-8, 4-7, இதுக்கு புத்தகத்துல பேரே கிடையாது. பரீட்சைல 1-ஐக் குடுத்து 6-ஐக் கேட்டா பேரை மட்டும் மனப்பாடம் பண்ணவங்க அங்கயே நின்னுடுவாங்க. ஆனா நமக்கு ரெண்டே அளவுதான்னு தெரியும், 1 பெருசு, 6 சின்னது, அப்ப கூட்டினா 180. விடைத்தாள்ல எழுதும்போது ரெண்டு படியா எழுதிட்டா போதும்: ∠1 = ∠5, ஒத்த கோணங்கள்; ∠5 + ∠6 = 180°, ஒரே நேர்கோட்டு மேல அடுத்தடுத்து இருக்கிற கோணங்கள். காரணம் எழுதாம வெறும் விடை எழுதினா மார்க் போகும், அதனால ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல காரணம் எழுதிப் பழகுங்க.

இசட் வடிவம் வந்தா சமம், எஃப் வடிவம் வந்தா சமம், ப வடிவம் வந்தா 180-ன்னு சொல்லிக் குடுக்கிறாங்களே, அதுவும் நல்ல வழிதான், சின்னப் பசங்களுக்கு முதல் வாரம் ரொம்ப உதவும். ஆனா படம் திரும்பி இருந்தா, ரெண்டு மூணு குறுக்குவெட்டி சேந்து வந்தா, எழுத்தைத் தேடுறதுலயே நேரம் போயிடும். அப்ப பண்ண வேண்டியது நோட்டைத் திருப்பி இணைகோடு படுக்கையா வர்ற மாதிரி வச்சுக்கிறதுதான். நோட்டைத் திருப்பக் கூடாதுன்னு யாரும் சட்டம் போடல. அப்புறம் படத்துல இருக்கிற கோட்டுல எது இணைகோடு எது குறுக்குவெட்டின்னு பிரிங்க, அம்புக்குறி போட்டிருக்கிற கோடுதான் இணைகோடு, மத்தது வெட்டுறது. மூணு நாலு கோடு இருந்தா, கேட்ட கோணத்துக்கும் குடுத்த கோணத்துக்கும் பொதுவா எந்தக் குறுக்குவெட்டி போகுதுன்னு பாத்து அதை மட்டும் கலர் பென்சிலால அழுத்துங்க, மத்த கோட்டை கையால மறைச்சுக்கோங்க. முக்காவாசி குழப்பம் அங்கயே தீந்துடும்.

எக்ஸ் வச்ச கணக்கு வந்தா முதல் கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: ரெண்டு கோணமும் சமமா, இல்ல கூட்டினா 180-ஆ? அதை முடிவு பண்ணாம சமன்பாடு எழுதாதீங்க. ஒத்த கோணங்கள் 3எக்ஸ் + 10-ம் 5எக்ஸ் − 30-ம்னு இருந்தா, சமம். 3எக்ஸ் + 10 = 5எக்ஸ் − 30, அப்ப 2எக்ஸ் = 40, எக்ஸ் = 20. இங்கயே நிறுத்திட்டு எக்ஸை விடையா எழுதிட்டு வர்றவங்க நிறைய, கேள்வில கோணம் கேட்டிருந்தா திரும்பப் போட்டுப் பாக்கணும்: 3 × 20 + 10 = 70, 5 × 20 − 30 = 70, ரெண்டும் ஒத்துப்போகுது, கோணம் 70°. அடுத்தது, ஒரே பக்க உட்கோணங்கள் 2எக்ஸ் + 15-ம் 3எக்ஸ் − 10-ம். கூட்டினா 5எக்ஸ் + 5 = 180, எக்ஸ் = 35, கோணங்கள் 85°, 95°. படத்துல ஒண்ணு குறுங்கோணம் ஒண்ணு விரிகோணமா இருக்கான்னு கடைசியா ஒரு தடவை கண்ணால பாத்துட்டு விடையைச் சுத்தி கட்டம் போடுங்க.

அடுத்து மடங்கின கோடு வர்ற கணக்கு, இதுதான் எனக்குப் பிடிச்ச இடம். மேல ஒரு இணைகோடு, கீழ ஒரு இணைகோடு. மேல் கோட்டுல இடது முனையில ஒரு புள்ளி, கீழ் கோட்டுல அதுக்கு நேர் கீழ ஒரு புள்ளி, ரெண்டு கோட்டுக்கும் நடுவுல வலது பக்கம் தள்ளி மூணாவது புள்ளி, மூணையும் சேத்தா > இந்த மாதிரி வரும். மேல் முனையில கோட்டுக்கும் > குறியோட மேல் கைக்கும் நடுவுல 40°, கீழ் முனையில 35°, நடுவுல மூக்கு மாதிரி இருக்கிற கோணம் எவ்வளவு? இங்க எந்தக் கோடும் ரெண்டு இணைகோட்டையும் முழுசா வெட்டல, அதனால மேல சொன்ன எதுவும் நேரா பொருந்தாது, பசங்க பேனாவைக் கீழ வச்சுடுவாங்க. வழி என்னன்னா நடுப்புள்ளி வழியா நீங்களே ஒரு மூணாவது இணைகோடு போடுங்க, புள்ளிக் கோடா. கேள்வில அந்தக் கோடு இல்லயேன்னு தயங்க வேண்டாம், தேவைப்பட்ட கோட்டை நாமளே வரைஞ்சுக்கலாம், வடிவியல்ல முக்காவாசி சாமர்த்தியம் இதுலதான் இருக்கு. அந்தக் கோடு மூக்குக் கோணத்தை ரெண்டாப் பிரிக்கும். மேல் பாதி 40°-க்கு ஒன்றுவிட்ட உட்கோணம், அதனால 40. கீழ் பாதி அதே மாதிரி 35. மொத்தம் 75°.

அதே கணக்கை மூக்கு இடது பக்கம் வர்ற மாதிரி, < இப்படிப் போட்டு, ரெண்டு இணைகோடும் வலது பக்கம் போகட்டும். உள்பக்கம் மேல 130°, கீழ 120°. இப்பவும் நடுவுல இணைகோடு போடுங்க, ஆனா இந்தத் தடவை கிடைக்கிறது ஒரே பக்க உட்கோணங்கள், அதனால மேல் பாதி 180 − 130 = 50, கீழ் பாதி 180 − 120 = 60, மொத்தம் 110°. மூணையும் கூட்டிப் பாருங்க, 130 + 120 + 110 = 360. இந்த வடிவத்துல எப்பவுமே 360-தான் வரும், விடை சரியான்னு பாக்க நல்ல வழி.

முக்கோணத்தோட மூணு கோணமும் ஏன் 180-ன்னு கேட்டாலும் பதில் இதே தந்திரம்தான். உச்சி வழியா அடிப்பக்கத்துக்கு இணையா ஒரு கோடு போட்டா, அடில இருக்கிற ரெண்டு கோணமும் ஒன்றுவிட்ட கோணமா மேல ஏறி உச்சிக்கோணத்துக்கு ரெண்டு பக்கமும் உக்காந்துக்கும், மூணும் சேந்து ஒரு நேர்கோடு. இணைகரத்துல பக்கத்துப் பக்கத்துக் கோணம் கூட்டினா 180 வர்றதும், சரிவகத்துல ஒரு சாய்வுப் பக்கத்தோட அடியில 70°-ன்னா மேல 110°-ன்னு சொல்றதும் ஒரே பக்க உட்கோணம்தான், தனியா மனப்பாடம் பண்ண வேண்டாம்.

ஒரு விஷயத்துல மட்டும் ரொம்ப கவனமா இருங்க. ஒத்த கோணம், ஒன்றுவிட்ட கோணம்ங்கிறது எல்லாம் இடத்தைக் குறிக்கிற பேரு. கோடு இணையா இல்லாட்டாலும் அந்தப் பேரு உண்டு, ஆனா சமம்ங்கிறது இணையா இருந்தாத்தான். படத்துல பாக்க இணை மாதிரி தெரியுதுங்கிறதெல்லாம் காரணம் ஆகாது, கேள்வில சொல்லியிருக்கணும், இல்ல அம்புக்குறி இருக்கணும். நிறைய படம் அளவுக்கு வரைஞ்சதே இல்ல. திருப்பிக் கேட்டா, அதாவது கோணத்தைக் குடுத்து கோடுகள் இணையான்னு கேட்டா, எதிர்த்திசையில போகணும்: ஒத்த கோணங்கள் 72°, 72°-ன்னா இணை. 72°, 108°-ன்னா இணை இல்ல. இங்க 72 + 108 = 180 வருதேன்னு உடனே இணைன்னு எழுதிடாதீங்க, ஒத்த கோணம் சமமா இருக்கணும், 180 வர வேண்டியது ஒரே பக்க உட்கோணம். இணை இல்லாத ரெண்டு கோடு எந்தப் பக்கம் போய் சந்திக்கும்னும் சொல்லலாம், எந்தப் பக்கத்து உட்கோணங்களோட கூட்டல் 180-க்குக் குறையுதோ அந்தப் பக்கம். வலது பக்கம் 85° + 90° = 175°-ன்னா வலது பக்கம் நீட்டிக்கிட்டே போனா சந்திக்கும், சந்திக்கிற இடத்துல கோணம் 5°.

இந்த ரெண்டு திசையையும் கி.மு. 300 வாக்குல கிரேக்க கணித அறிஞர் யூக்ளிட் தனித்தனியாத்தான் நிரூபிச்சிருக்கார். ஒன்றுவிட்ட கோணங்கள் சமம்னா கோடு இணைங்கிறது அவரோட முதல் புத்தகத்துல 27-ஆவது தேற்றம். இணைன்னா ஒன்றுவிட்ட கோணங்கள் சமம்ங்கிறது 29-ஆவது. இந்த 29-க்குத்தான் அவர் தன்னோட ஐந்தாவது எடுகோளை (நிரூபிக்காம அப்படியே ஏத்துக்கிற கூற்றை) முதல் தடவையா பயன்படுத்தறார், அந்த எடுகோள் சொல்றதே நான் மேல சொன்ன 180-க்குக் குறையற பக்கம் சந்திக்கும்ங்கிற விஷயம்தான். அதுவரைக்கும் 28 தேற்றம் அதைத் தொடாமலேயே போயிருக்கார். அந்த எடுகோளை மத்ததுல இருந்து நிரூபிச்சிடலாம்னு ரெண்டாயிரம் வருஷம் பலபேர் முயற்சி பண்ணி, முடியாதுன்னு 19-ஆம் நூற்றாண்டுலதான் தெளிவாச்சு, லோபசெவ்ஸ்கி, போயாய்னு ரெண்டு கணித அறிஞர்கள் அது இல்லாமலே வேற ஒரு வடிவியலை உருவாக்கினாங்க. அதனால பாடத்துல இதையும் இதோட மறுதலையையும் (திருப்பிப் போட்டுச் சொல்றதையும்) தனித்தனியா குடுத்திருக்கிறது பக்கத்தை நிரப்ப இல்ல.

ஒன்றுவிட்ட கோணங்கள் சமம்ங்கிறதை வச்சு பூமியோட சுற்றளவையே கண்டுபிடிச்சார் கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ், கி.மு. மூணாம் நூற்றாண்டுல, எகிப்துல. கோடையில பகல் ரொம்ப நீளமா இருக்கிற அந்த நாள் உச்சி வேளையில சையீன்ங்கிற ஊர்ல, இன்னைக்கு அஸ்வான், சூரியன் நேர் தலைக்கு மேல, நிழலே விழாது. அதே நேரம் வடக்க அலெக்சாண்டிரியாவுல செங்குத்துக் குச்சிக்கு நிழல் விழுது, ஒளிக்கும் குச்சிக்கும் நடுவுல இருக்கிற கோணம் ஒரு முழு வட்டத்துல 50-ல ஒரு பங்கு, அதாவது 7.2°. சூரியன் ரொம்ப தூரத்துல இருக்கிறதால ரெண்டு ஊர்ல விழுற ஒளியும் இணைகோடு. அலெக்சாண்டிரியா குச்சியை பூமிக்குள்ள நீட்டினா மையத்துக்குப் போகும், சையீன்ல விழுற ஒளியை நீட்டினாலும் மையத்துக்குப் போகும். அப்ப குச்சிதான் குறுக்குவெட்டி, மேல இருக்கிற 7.2°-ம் பூமி மையத்துல இருக்கிற கோணமும் ஒன்றுவிட்ட உட்கோணங்கள், சமம். ரெண்டு ஊருக்கும் நடுவுல 5,000 ஸ்டேடியா (அந்தக் காலத்து கிரேக்க நீள அளவு) தூரம்னு எடுத்துக்கிட்டார், 50-ஆல பெருக்கினா 2,50,000 ஸ்டேடியா. பூமியைச் சுத்தி வராம, ஒரு நிழலையும் நீங்க ஏழாவதுல படிக்கிற ஒரு ஜோடி கோணத்தையும் வச்சு! பசங்களுக்கு இதை நோட்டுல வட்டம் போட்டு வரைஞ்சு காட்டுங்க, இந்தப் பாடம் எதுக்குன்னு அப்புறம் யாரும் கேக்க மாட்டாங்க.

கையைப் பழக்க மூணு கணக்கு தர்றேன், நம்பர் போட்ட அதே படத்தை வச்சுப் போடுங்க. ∠4 = 128°-ன்னா ∠7 என்ன? ∠3 = 4எக்ஸ், ∠5 = 5எக்ஸ்-ன்னா எக்ஸ் என்ன? > வடிவத்துல மூக்குக் கோணம் 90°, மேல் முனையில 32°-ன்னா கீழ் முனையில என்ன? விடை 52°, 20, 58°. முதல் கணக்கு பேரில்லாத ஜோடி, அதனால அதுக்கு மட்டும் காரணத்தோட ரெண்டு வரி எழுதிப் பாருங்க.